கழுத்து ஜவ்வுத் தேய்மானம்: காத்திருப்பதா, ஊசியா, கத்தியா?

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, வலது உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்த நாட்கள் எனக்கு உண்டு. கையைத் தொங்கப்போட்டால் தோள்பட்டையில் ஆரம்பித்து நடுவிரல் நுனி வரை குடையும். தலைமேல் வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும். கையை உயர்த்தும்போது கழுத்து நரம்பு வேரின் இழுவை தளர்கிறது, அதனால்தான் அந்த நிம்மதி. மருத்துவர்கள் இதையே ஓர் அடையாளமாக வைத்துக் கழுத்து நரம்பைச் சந்தேகிப்பார்கள் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்கேன் எடுத்ததில், ஆறாவது ஏழாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி நரம்பில் இடிக்கிறது என்று வந்தது.

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. காலர் போடு என்றார் ஒருவர், போட்டால் கழுத்தே பலவீனமாகிவிடும் என்றார் இன்னொருவர். ஒரு ஊசியில் சரியாகிவிடும் என்றார்கள், ஊசி போட்டால் கைகால் விழுந்துவிடும் என்றும் சொன்னார்கள். சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கொள், கழுத்தில் கத்தியே வைக்கக் கூடாது: இரண்டும் ஒரே நாளில் ஒரே வீட்டில் கேட்டது. நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில் தூக்கம் வராத நேரமெல்லாம் ஆய்வுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்காக ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனா வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வி. கழுத்தில் எது நசுங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. எதுவும் நசுங்கவில்லையா, நரம்பு வேர் நசுங்குகிறதா, தண்டுவடமே நசுங்குகிறதா? இந்த மூன்றுக்கும் "ஸ்பாண்டிலோசிஸ்", "தேய்மானம்" என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பொய்யாகிறது.

எது நசுங்குகிறது?

கழுத்தில் எலும்பு ஏழு, ஜவ்வு ஆறு. முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு கிடையாது. தண்டுவடத்திலிருந்து எட்டு ஜோடி நரம்பு வேர்கள் கிளம்பி, பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெளியே வருகின்றன. ஜவ்வின் உள்ளே ரத்தக்குழாய் இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டிலிருந்து கசிந்து வருவதை வைத்தே அது பிழைக்கிறது. வயதாக ஆக நீர்ச்சத்து குறைந்து, உயரம் சுருங்கி, ஓரங்களில் எலும்பு முளைகள் வளர்கின்றன. நரை விழுவது மாதிரிதான் இது, கொஞ்சம் உள்ளே நடக்கிறது.

நரை மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல். தண்டுவடம் அழுந்தியிருந்தவர்கள் 5.3 சதவீதம், அவர்களுக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பிதுக்கம்", "தேய்மானம்", "நீர்ச்சத்துக் குறைவு" என்று நாலைந்து வரி இருப்பதைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தமே இல்லை. ஸ்கேன் சொல்வதும் உங்கள் கை சொல்வதும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு.

கை என்ன சொல்கிறது? கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஆறாவது நரம்பு வேர். நடுவிரல் என்றால் ஏழாவது. சுண்டுவிரல் பக்கம் என்றால் எட்டாவது. துல்லியமான கணக்கு இல்லை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், ஆனாலும் வழிகாட்டும். ஏழாவது வேர் அடிபட்டால் முழங்கையை நீட்டும் தசை வலுவிழக்கும். ஐந்தாவது என்றால் தோளை உயர்த்த முடியாது. இவை வேர் நசுங்குவதன் அடையாளங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும்.

தண்டுவடம் நசுங்கினால் கதையே வேறு. பலருக்கு வலியே இருக்காது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும், கையெழுத்து மாறும், கையிலிருந்து டம்ளர் நழுவும். இரண்டு கையும் ஒன்றாக மந்தமாகும். இருட்டில் நடந்தால் தள்ளாடும். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்று இறங்கும். சிறுநீர் அவசரம் வரும். கையை இறுக்கி மூடி முழுவதும் விரிப்பதைப் பத்து நொடியில் இருபது தடவை செய்ய முடிகிறதா என்று பார்ப்பது பழைய எளிய சோதனை. முடியவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். இந்த நோய்க்கு மயலோபதி என்று பெயர். அறிகுறி தொடங்கி நோயைக் கண்டுபிடிக்கச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று ஓர் ஆய்வு கண்டது. வயசாகிவிட்டது, சர்க்கரை, மணிக்கட்டு நரம்பு என்று வேறு ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போட்டே அந்தக் காலம் போய்விடுகிறது.

மூன்றாவது வகை, கழுத்து மட்டும் வலிக்கிறது, கைக்கு இறங்கவில்லை, மரத்தல் இல்லை, வலு குறையவில்லை. எண்ணிக்கையில் இவர்கள்தான் அதிகம். இவர்களுக்கு ஆபரேஷன் பேச்சு அநேகமாகத் தேவையே இல்லை. ஸ்கேனில் தெரியும் ஜவ்வுகளில் எது வலிக்கிறது என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி இன்னும் இல்லை. இடம் தெரியாமல் வெட்டினால் பலன் எப்படி வரும்? உடற்பயிற்சி, கழுத்தையும் தோளையும் வலுவாக்குவது, தூக்கம். இவர்களுக்கு அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது, சுவாரசியமாக இல்லாவிட்டாலும்.

(இடையில் ஒரு சங்கதி. செல்போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றும். அது 2014-இல் ஒரு கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு. யாருடைய கழுத்திலும் அளந்தது இல்லை, அதனால் நோய் வருகிறது என்று அது நிரூபிக்கவும் இல்லை. இரட்டையர்களை வைத்து 1999-இல் வந்த ஆய்வில், கழுத்து ஜவ்வுத் தேய்மானத்தின் வேறுபாட்டில் சுமார் 73 சதவீதம் மரபு வழி வருவது என்று கண்டார்கள். போனைத் திட்டுவதற்கு முன் தாத்தாவையும் பாட்டியையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.)

நரம்பு வேர் என்றால்: காத்திருப்பதற்கு எதிராக எல்லாம்

இனி வேர் நசுங்கியவர்கள். என் கட்சி. முடிவெடுப்பதில் குழப்பம் அதிகம் இங்கேதான்.

எல்லாச் சிகிச்சையையும் ஒப்பிட வேண்டியது, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதோடு. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலம் ராச்செஸ்டரில் 1976 முதல் 1990 வரை இந்த நோய் வந்த 561 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். நாலில் ஒருவர், அதாவது 26 சதவீதம், ஆபரேஷன் செய்துகொண்டார். கடைசியாகப் பார்த்தபோது மொத்தத்தில் 90 சதவீதம் பேருக்குத் தொந்தரவு இல்லை, அல்லது லேசாகத்தான் இருந்தது. காரணம் உண்டு. ஜவ்வின் உட்பகுதி உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், அதுவரை ரத்தத்தையே பார்த்திராத அந்தத் துண்டை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து வெள்ளணுக்களை அனுப்பித் தின்னத் தொடங்குகிறது. அதனால் ரிப்போர்ட்டில் பயங்கரமாகத் தெரியும் பெரிய துண்டுகள்தான் அடிக்கடி சுருங்குகின்றன. எலும்பு முளை அப்படிச் சுருங்காது. ஆனால் நரம்பைச் சுற்றியுள்ள வீக்கம் வடிந்தாலே வலி போய்விடுவது உண்டு.

சரி, காத்திருக்கும்போது என்ன செய்வது? நெதர்லாந்தில் வலி தொடங்கி ஒரு மாதத்துக்குள் வந்த 205 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் காலரும் ஓய்வும், ஒரு குழுவுக்கு பிசியோதெரபி, மூன்றாவது குழுவை வழக்கம்போல் இருக்கச் சொல்லிவிட்டார்கள். 2009-இல் முடிவு வந்தது. முதல் ஆறு வாரத்தில் காலர் போட்டவர்களுக்கும் பிசியோ செய்தவர்களுக்கும் கைவலி வேகமாகக் குறைந்தது. ஆறு மாதத்தில் மூன்று குழுவும் ஒரே இடத்தில். காலரை அவர்கள் மூன்று வாரம் போட்டுவிட்டு அடுத்த மூன்று வாரத்தில் படிப்படியாகக் கழற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காலரோடு திரிபவர்களுக்கு இந்த ஆய்வு ஆதரவு தராது. எனக்குக் காலர் தூக்கத்துக்கு மட்டும் உதவியது. பகலில் எரிச்சலாக இருந்தது, கழற்றிவிட்டேன்.

மாத்திரைகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வலி மாத்திரை கொஞ்ச நாளைக்கு. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மாத்திரைகளை ஆஸ்திரேலியாவில் 347 பேரிடம், இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளியானது. ஆறு வாரத்தில் போலி மாத்திரையைவிட மேலாக அது ஒன்றும் செய்யவில்லை. நரம்பு வலிக்கு எழுதித் தரும் பிரிகாபலின், கால் நரம்பு வலியில் 2017-இல் இதேபோல் தோற்றது. கழுத்தில் அதே அளவுக்குத் தரமான சோதனை நடக்கவில்லை. ஆனாலும் மயக்கத்தையும் தலைசுற்றலையும் மட்டும் தந்துகொண்டிருந்தால் அதை மாதக்கணக்கில் தொடர்வது ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பது? தண்டுவட அழுத்தம் இருக்கிறதா என்று தெரியாமல் அதைச் செய்துகொள்ளவே கூடாது. அரிதாக என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பயந்தவன் நான்.

ஊசி

மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவில் நிற்பது ஸ்டீராய்டு ஊசி. நரம்பைச் சுற்றிய வீக்கத்தை அடக்கி, உடம்பு தானே சரியாகும் வரை நேரம் வாங்கித் தருவது அதன் வேலை. இடுப்பில் போடுவதையும் கழுத்தில் போடுவதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. கழுத்தில் நரம்பு வேர் வெளியே வரும் துளைக்குப் பக்கத்திலேயே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன. துகள் உள்ள ஸ்டீராய்டு அதில் தவறி இறங்கினால் துகள்கள் குழாயை அடைத்துவிடும். 2014 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது: அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், உடல் செயலிழப்பு, மரணம் வரை நேர்ந்திருக்கிறது. பிறகு வந்த பாதுகாப்புப் பரிந்துரைகள், பக்கவாட்டுத் துளை வழியாகக் கழுத்தில் போடும்போது துகள் உள்ள மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்றன. பின்பக்கமாகப் போடுவதானால் ஆறு, ஏழாவது எலும்புகளுக்கு இடைப்பட்ட இடத்துக்கு மேலே போகக் கூடாது, எக்ஸ்ரே படம் பார்த்தபடியே செய்ய வேண்டும் என்றும் சொல்லின.

பலன் எப்படி? 2025 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த முதுகெலும்பு வலிக்கு, நரம்பு வழி இறங்கும் வலி உட்பட, வழக்கமான ஊசிகளை வேண்டாம் என்றே அது அழுத்திச் சொன்னது. வலி மருத்துவ அமைப்புகள் பல இதை ஏற்கவில்லை. பலவகை நோயாளிகளை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என் கணக்கு இது: வலி புதிதாக வந்தது, தூக்கமே இல்லை, ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டும் என்றால் ஒரு ஊசி யோசிக்கத் தக்கது. ஒரு வருஷத்து வலிக்கு நாலாவது ஊசி என்றால் யோசிக்கவே வேண்டாம். எனக்குப் பரிந்துரைத்தவரிடம் எந்த மருந்து, எந்த வழியாக என்று இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டாவது கேள்விக்கே அவருக்குப் பொறுமை போய்விட்டது. நானும் திரும்பிவிட்டேன்.

கத்தி: எப்போது, எந்தப் பக்கம்

ஆபரேஷனையும் பிசியோவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த சோதனைகள் கையால் எண்ணிவிடலாம். ஸ்வீடனில் 1997-இல் 81 பேரை ஆபரேஷன், பிசியோ, காலர் என்று பிரித்தார்கள். சில மாதங்களில் ஆபரேஷன் முந்தியது. ஒரு வருஷத்தில் வித்தியாசம் மறைந்துவிட்டது. அதே நாட்டில் 2013-இல் வெளியான 63 பேர் ஆய்வில், ஆபரேஷனோடு பிசியோ செய்தவர்கள் முதல் வருஷம் வேகமாகத் தேறினார்கள், இரண்டாம் வருஷம் இடைவெளி குறைந்தது. ஆனால் அவர்களையே ஐந்து முதல் எட்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, கழுத்து வலியிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் ஆபரேஷன் குழு மேலாக இருந்தது. சின்ன ஆய்வுகள்தான், இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் திசை தெரிகிறது: ஆபரேஷன் வேகத்தை வாங்கித் தருகிறது. நாள் கொடுத்தால் பலர் அது இல்லாமலும் அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறார்கள்.

அந்த வேகம் யாருக்குத் தேவை? கை வலு நாளுக்கு நாள் குறைந்தால் காத்திருக்கக் கூடாது. நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து விரல் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஒழுங்காகச் செய்தும் வலி இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, ஸ்கேனும் கையும் ஒரே வேரைக் காட்டுகின்றன என்றால் ஆபரேஷன் நியாயமான தேர்வு. அதைத் தோல்வியாக நினைக்க வேண்டியதில்லை.

முன்பக்கமாகச் செய்வது 1950-களில் வந்த முறை. கழுத்தின் முன்மடிப்பில் சின்னதாகக் குறுக்கே கீறி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒரு பக்கம், பெரிய ரத்தக்குழாயை இன்னொரு பக்கம் ஒதுக்கினால், தசையை அதிகம் வெட்டாமலே முதுகெலும்புக்கு முன்னால் போய் நின்றுவிடலாம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஜவ்வு முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்னக் கூண்டை வைத்து, பெரும்பாலும் தட்டும் திருகும் போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக இணையவிடுகிறார்கள். முன்பெல்லாம் இடுப்பெலும்பில் துண்டு வெட்டி வைப்பார்கள், கழுத்தைவிட இடுப்பு நாள்கணக்கில் வலித்தது என்று சொன்னவர்கள் நிறைய. இப்போது அது குறைந்துவிட்டது. கண் விழிக்கும்போதே கைவலி போய்விட்டது என்பவர்கள் பலர். கழுத்து வலி அப்படிப் போகும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். சில வாரம் விழுங்கச் சிரமம் இருக்கும், சிலருக்குக் குரல் கரகரக்கும். புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு இணைவது தள்ளிப்போகும், இணையாமலும் போகலாம். ஆகவே தேதி குறிப்பதற்கு முன் சிகரெட்டை நிறுத்தச் சொல்லும் சர்ஜன் நல்ல சர்ஜன்.

இணைத்தால் ஒரு மூட்டின் அசைவு போகிறது. பக்கத்து மூட்டு கூடுதல் வேலை செய்து சீக்கிரம் தேயும் என்று ஒரு பயம். 1999-இல் வந்த அமெரிக்க ஆய்வு, இணைப்பு செய்தவர்களில் ஆண்டுக்கு 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து இடத்தில் புதுத் தொந்தரவு வருகிறது, பத்தாண்டில் நாலில் ஒருவருக்கு வரலாம் என்றது. எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இதுதான். அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு முடிவை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை: பல மூட்டுகளை இணைத்தவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவாகவே வந்தது. இணைப்புதான் காரணம் என்றால் கூடுதலாக அல்லவா வந்திருக்க வேண்டும்? எப்படியும் தேயப்போகிற ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்று படிப்பதே பொருத்தமாக இருக்கிறது.

இந்தப் பயத்திலிருந்து பிறந்ததுதான் செயற்கை ஜவ்வு. அமெரிக்காவில் 2007-இல் முதல் அனுமதி, 2013-இல் இரண்டு மூட்டுகளுக்கும் சேர்த்து ஒன்றுக்கு அனுமதி. தயாரிப்பு நிறுவனங்கள் நடத்திய பெரிய சோதனைகளில், ஏழு ஆண்டு, பத்து ஆண்டு கழித்தும் செயற்கை ஜவ்வு வைத்தவர்களுக்கு மறு ஆபரேஷன் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைகளில் யாருக்கு என்ன வைத்தது என்று நோயாளிக்கும் தெரியும், சர்ஜனுக்கும் தெரியும். மறுபடி கத்தி வைக்கலாமா என்ற முடிவையும் அதே சர்ஜன்தான் எடுக்கிறார். நெதர்லாந்தில் நோயாளிக்கே சொல்லாமல் 109 பேரிடம் மூன்று முறைகளைச் சோதித்தார்கள்: ஜவ்வை எடுத்துவிட்டு ஒன்றுமே வைக்காமல் விடுவது, கூண்டு வைப்பது, செயற்கை ஜவ்வு வைப்பது. இரண்டு ஆண்டில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. ஸ்வீடனில் 153 பேரை ஐந்து ஆண்டு பார்த்தார்கள், இணைப்புக்கும் செயற்கை ஜவ்வுக்கும் வித்தியாசம் இல்லை. போதாததற்கு, சிலருக்குச் செயற்கை ஜவ்வைச் சுற்றி எலும்பு வளர்ந்து அது தானாகவே இணைந்துவிடுகிறது. அசைவுக்காக வைத்தது அசையாமல் நிற்கும்.

அதற்காக அது வீண் என்று சொல்லவில்லை. வயது குறைவு, ஒன்றிரண்டு மூட்டு, பின்பக்கக் குறுமூட்டுகள் கெடவில்லை, எலும்பு உறுதி, மூட்டு ஆடவில்லை என்றால் செயற்கை ஜவ்வு நல்ல தேர்வு. நெடுநாளில் மறு ஆபரேஷன் குறையும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கலாம். எலும்பு மெலிந்தவர், மூட்டு ஏற்கெனவே இறுகிப்போனவர் அதை வற்புறுத்திக் கேட்பதில் பயன் இல்லை.

அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி பின்பக்கம். நரம்பு வெளியே வரும் துளையைப் பின்னாலிருந்து கொஞ்சம் அகலப்படுத்திவிடுவது. ஜவ்வை எடுப்பதில்லை, உலோகம் வைப்பதில்லை, அசைவு அப்படியே இருக்கும். விழுங்கும் சிரமமும் குரல் பிரச்சினையும் இல்லை. தசையைப் பிரித்துப் போவதால் கழுத்து வலி சில நாள் அதிகம். அழுத்தம் ஓரத்தில் இருந்தால் மட்டும் முடியும், நடுவில் இருந்தால் தண்டுவடத்தை ஒதுக்காமல் எட்ட முடியாது. 265 பேரோடு நடந்த டச்சுச் சோதனை 2023-இல் வந்தது. ஓராண்டில் முன்பக்க இணைப்புக்கு இது சளைத்ததில்லை என்று கண்டார்கள். என் கண்ணுக்கு, ஓரத்தில் ஒரே வேர் நசுங்கியவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். எனக்கு ஆலோசனை சொன்ன மூவரில் ஒருவர்தான் இப்படி ஒன்று இருக்கிறது என்றே சொன்னார். பெரும்பாலும் எந்த சர்ஜனுக்கு எது கைவந்ததோ அதுதான் நமக்குப் பரிந்துரையாக வருகிறது. அதில் தப்பும் இல்லை, ஆண்டுக்கு இரண்டு செய்பவரிடம் போய் இதைத்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை.

தண்டுவடம் என்றால் கணக்கு தலைகீழ்

வேரில் காத்திருத்தல் நமக்கு நண்பன். தண்டுவடத்தில் அப்படி இல்லை. வேர் ஓரளவு மீண்டு வளரும், தண்டுவடம் வளராது. ஆபரேஷன் செய்வதே மேலும் கெடாமல் நிறுத்துவதற்குத்தான். இழந்தது திரும்பினால் அது லாபம், பலருக்கு ஓரளவு திரும்பவும் செய்கிறது.

கை, கால், உணர்ச்சி, சிறுநீர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 18 மதிப்பெண் போடும் அளவுகோல் ஒன்று உண்டு. 15 முதல் 17 வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-உம் அதற்குக் கீழும் கடுமை. 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் ஆபரேஷனைப் பரிந்துரைக்கிறது. லேசானவர்களுக்கு ஆபரேஷன் அல்லது கண்காணிப்போடு கூடிய முறையான பயிற்சி. ஸ்கேனில் மட்டும் அழுத்தம், உடம்பில் அறிகுறி எதுவும் இல்லை என்றால் முன்கூட்டியே வெட்டிவைக்க வேண்டாம், அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. லேசானவர்கள் விஷயத்தில் செக் நாட்டில் 68 பேரிடம் நடந்த சோதனை ஒன்று, ஆபரேஷனுக்கும் காத்திருப்பதற்கும் மூன்று ஆண்டில் வித்தியாசம் காணவில்லை, பத்து ஆண்டிலும் காணவில்லை. ஆட்கள் குறைவு, ஆனாலும் லேசான நிலையில் மூச்சுமுட்ட அவசரப்பட வேண்டியதில்லை என்பதற்கு அது ஆதரவு. கண்காணிப்பு என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது.

முன்பக்கமா பின்பக்கமா என்ற கேள்வி இங்கும் உண்டு. 163 பேரோடு நடந்து 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓராண்டில் உடல் செயல்பாட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் மட்டும் முன்பக்கத்தில் 48 சதவீதம், பின்பக்கத்தில் 24. முன்பக்கத்தில் பெரும்பாலும் விழுங்கும் சிரமம்தான். அதே ஆய்வில் லாமினோபிளாஸ்டி செய்தவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள். எலும்பு வளைவின் ஒரு பக்கத்தை வெட்டி, மறுபக்கத்தைக் கீலாக வைத்து, கதவைத் திறப்பது போல் தண்டுவடக் குழாயை அகலப்படுத்துவது அது. ஜப்பானில் 1970-களில் உருவானது, இணைப்பு தேவையில்லை. ஆனால் யாருக்கு அதைச் செய்வது என்று குலுக்கிப் போடவில்லை, சர்ஜன்களே தேர்ந்தார்கள். அதனால் அந்த வெற்றியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கழுத்து முன்பக்கம் வளைந்து கூனிவிட்டவர்களுக்கு அது ஒத்துவராது. தண்டுவட ஆபரேஷனுக்குப் பிறகு நூற்றில் ஐந்து பேர் அளவுக்குத் தோளைத் தூக்க முடியாத பலவீனம் வரும். பெரும்பாலும் மாதங்களில் சரியாகும். இதை முன்பே சொல்லியிருந்தால் அந்த மாதங்களைத் தாங்குவது எளிது.

ஆபரேஷனோடு மருந்தும் சேர்த்தால் கூடுதல் பலன் வருமா என்று ரிலூசோல் என்ற மாத்திரையை 300 பேரிடம் சோதித்தார்கள். செயல்பாட்டில் கூடுதலாக ஒன்றும் வரவில்லை. ஸ்டெம் செல், சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பி.ஆர்.பி., ஜவ்வைக் கரைக்கும் ஊசி எல்லாம் பேச்சில் நிறைய அடிபடுகின்றன. கரைக்கும் ஊசி ஒன்றுக்கு ஜப்பானில் 2018-இல் அனுமதி கிடைத்தது, ஆனால் இடுப்பு ஜவ்வுக்கு மட்டும். செல் சிகிச்சையின் பெரிய சோதனைகளும் இடுப்பில்தான் நடந்திருக்கின்றன. கழுத்துக்கு இவற்றை இன்றைக்கே விற்பவர்கள், ஆய்வு முடியும் முன்பே கடை திறந்தவர்கள்.

நான் என்ன செய்தேன்? முழங்கையை நீட்டும் தசை கொஞ்சம் வலுவிழந்திருந்தது, கூடவில்லை. தண்டுவட அறிகுறி எதுவும் இல்லை. சர்ஜனோடு பேசி ஆறு வாரம் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டோம், வலு குறைந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒவ்வொரு ஞாயிறும் சுவரில் ஒற்றைக் கையை ஊன்றிப் பத்து தடவை தள்ள முயன்று, எத்தனை முடிந்தது என்று காலண்டரில் குறிப்பேன். நாலு, நாலு, மூன்று, ஐந்து. மூன்று வந்த வாரம் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். ஆறாவது வாரம் ஏழு. கெடுவை இன்னும் ஆறு வாரம் நீட்டினோம். நாலாவது மாதம் தலைமேல் கை வைக்காமல் விடியும்வரை தூங்கினேன். நடுவிரல் நுனி இன்றும் கொஞ்சம் மரத்தே இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடும்போது மட்டும் விரல்களை ஒரு நொடி கவனிப்பது வழக்கமாகிவிட்டது.